சாமான் மாற்றுகிறவரா, பழுது பிடிக்கிறவரா? புதிதாக மேற்பார்வைக்கு வந்தவர்களுக்கு

வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கம் ஒரு மாடி வீடு. ஏசி ஓடுகிறது, குளிரவில்லை என்று அழைப்பு. எங்கள் வேலைத்தளத்தில் கெதியான கை என்று பெயரெடுத்த பையனை அனுப்பினேன். 20 நிமிடத்தில் வேலை முடிந்தது. வெளி யூனிட்டில், கொம்பிரசரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரை மாற்றினான், குளிர் வந்தது, பில் போட்டான், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து அதே முறைப்பாடு. இந்த முறை இன்னொருவன் போனான். அவனுக்கு 50 நிமிடம் பிடித்தது. வீட்டுக்காரர் எனக்குப் போன் எடுத்து, "என்ன, உங்கட ஆள் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்?" என்று சலித்துக்கொண்டார். அவன் பார்த்துக்கொண்டு நின்றது கெப்பாசிட்டரை அல்ல, அதில் வந்து மாட்டுகிற வயரின் நுனியை. கடல் காற்றில் அந்த நுனியிலுள்ள உலோகப் பிடி, அதாவது லக், துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. தளர்ந்த இடம் சூடாகும், அந்தச் சூடு கெப்பாசிட்டரைத் தின்னும். அதே லக்கைப் புதிய கெப்பாசிட்டரில் மாட்டினால் அதையும் தின்னும்.

இதில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான். அந்த மாதம் அதிக வேலை முடித்தவர் என்று கூடுதல் காசு கொடுத்தது முதலாமவனுக்கு.

எங்களுடையது தெமட்டகொடையில் ஏசி, ஃப்ரிட்ஜ், வோஷிங் மெஷின் திருத்துகிற சின்ன வேலைத்தளம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். யார் பழுதைக் கண்டுபிடிக்கிறார், யார் சாமானை மாற்றி அதிர்ஷ்டம் பார்க்கிறார் என்று பிரித்தறிய நான் தட்டுத்தடுமாறிப் பழகிய வழிகளை இங்கே எழுதுகிறேன். உங்கள் பொறுப்பில் இருப்பது ஜெனரேட்டராகவோ லிஃப்டாகவோ தையல் மெஷினாகவோ இருக்கலாம். வழி ஏறக்குறைய இதுதான்.

சாமான் தாராளமாகக் கிடைக்கும்வரை இந்த வித்தியாசம் கண்ணில் படாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு நடை போனால் எதுவும் கிடைக்கும் என்கிற காலத்தில், மூன்று சாமான் மாற்றி மூன்றாவதில் பிடித்தவரும் கெட்டிக்காரர்தான். 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் இறக்குமதி இறுகியது. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. கரண்ட் போய்ப் போய் வந்து, உள்ளே இருக்கும் இலத்திரனியல் போர்ட் கருகிய மெஷின்கள் எங்கள் வாசல்வரை அடுக்கிக் கிடந்தன, மாற்றுவதற்குப் போர்ட் இல்லை. போர்டில் போனது எந்தப் பாகம் என்று மீட்டரை வைத்துச் சொல்லக்கூடியவர் யார் என்பது ஒரே கிழமையில் தெரிந்துவிட்டது. ஆறு பேரில் இரண்டு பேர். நான் நினைத்திருந்த இரண்டு பேரும் அல்ல.

எதை அளப்பது என்று முதலில் எழுதிவையுங்கள்

திருத்தினாரா இல்லையா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டால் அதிர்ஷ்டத்துக்கும் புள்ளி போடுவீர்கள். என் தாளில் இப்போது ஐந்து கேள்விகள் இருக்கின்றன.

மெஷினைத் தொடுவதற்கு முன் முறைப்பாட்டைத் தானே ஓட்டிப் பார்த்து உறுதி செய்தாரா? பழுது எந்தப் பக்கம் இல்லை என்று ஒதுக்கிக்கொண்டு வந்தாரா, அல்லது கைக்கு எட்டியதைப் பிடித்தாரா? மீட்டரைச் சரியான இடத்தில், சரியான அளவில் வைத்து, வந்த எண்ணுக்குச் சரியான அர்த்தம் சொன்னாரா? சாமானை மாற்றுவதற்கு முன்பே அதுதான் பழுது என்று காட்ட முடிந்ததா? மாற்றிய பிறகு, அது ஏன் போனது என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாரா?

கடைசிக் கேள்வி வெள்ளவத்தை வீட்டிலிருந்து வந்தது.

பாதுகாப்பை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதற்குப் புள்ளி போடக் கூடாது. புள்ளி போட்டால், பிரேக்கரை இறக்காமல் கை வைத்தவர் மற்றதில் அள்ளி எடுத்து 80 வாங்கிவிடுவார். 230 வோல்ட்டுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கரண்டை நிறுத்தாமல் தொட்டால், நிறுத்திவிட்டோம் என்று மீட்டரால் உறுதி செய்யாமல் தொட்டால், கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பதை வெளியேற்றாமல் தொட்டால் பரீட்சை அந்த இடத்திலேயே நிற்கும். இன்னொரு நாள் வரலாம்.

"என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறதே, பிறகு இதெல்லாம் எதற்கு?" என்று முதலாளிமார் கேட்பார்கள். நல்ல கேள்வி. தேசிய தொழில் தகைமை எனும் என்.வி.கியூ.வில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். வேலை செய்து பழகி, கையில் தாள் இல்லாதவர்களும் தங்கள் அனுபவத்தைக் காட்டி அதைப் பெற வழி இருக்கிறது. அந்த வசதியை நான் மதிக்கிறேன், எங்கள் பையன்கள் இரண்டு பேரை அப்படி அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் அந்த மதிப்பீடு சொல்வது இந்த ஆளுக்கு இந்த வேலை செய்யத் தெரியும் என்பதை. மட்டம் நான்கு வைத்திருக்கும் இரண்டு பேரில், யாருக்கும் பிடிபடாத பழுதுக்கு யாரை அனுப்புவது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சையை நம்ப வேண்டாம்

நானும் வைத்துப் பார்த்தேன். 40 கேள்விகள்: கொம்பிரசர் எப்படி வேலை செய்கிறது, தெர்மிஸ்டர் என்றால் என்ன, ஓமின் விதி. முதலாவது வந்தவன் தொழில்நுட்பக் கல்லூரியில் நன்றாகப் படித்தவன். அவனை ஒரு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நிறுத்தினால் முதலில் எதைத் தொடுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்தான். கடைசியாக வந்தவர் எங்கள் நானா. 30 வருட அனுபவம். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கேள்வித்தாளைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதில மெஷின் எங்க தம்பி?" என்று கேட்டார்.

பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, இதில் நான் முதல் ஆள் அல்ல. அமெரிக்க விமானப்படையின் ஆய்வாளர்கள் 1960களிலும் 70களிலும் இதையே பார்த்திருக்கிறார்கள். தியரித் தாளில் வாங்குகிற புள்ளிக்கும் உண்மையான உபகரணத்தில் பழுது பிடிக்கிற திறமைக்கும் ஒட்டுறவு மிகக் குறைவு. தியரி வேண்டாம் என்று சொல்லவரவில்லை. அதை அளந்துவிட்டு இதை அளந்ததாக நினைக்கக் கூடாது.

பழுது வைப்பது ஒரு கலை

ஒரு பழைய மெஷினை ஒதுக்கி, அதில் நீங்களே ஒரு பழுதை வைத்து, ஆளைக் கூப்பிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வதுதான் நேரான வழி. எந்தப் பழுது என்பதைக் கற்பனையில் தேடாதீர்கள். போன வருடத்து வேலைப் புத்தகத்தைப் புரட்டுங்கள். உங்கள் பகுதியில் அடிக்கடி வருவது எது என்று அதுவே சொல்லும். எங்கள் புத்தகத்தில் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் துரு, கொட்டாஞ்சேனையின் நெருக்கமான கட்டடங்களில் வெளி யூனிட்டுக்குக் காற்றோட்டம் இல்லாதது, எல்லா இடத்திலும் வடிகுழாய் அடைப்பு என்று வரிசையாக வரும்.

இனி நான் பட்ட அடிகள்.

முதல் தடவை ஒரு வோஷிங் மெஷினின் பின் தகட்டைக் கழற்றி, தண்ணீர் வால்வின் வயரொன்றை உருவிவிட்டு மூடினேன். பையன் வந்தான், மெஷினை ஒரு சுற்றுச் சுற்றினான், நேராகப் பின்னால் போய்த் தகட்டைக் கழற்றி இரண்டு நிமிடத்தில் வயரை மாட்டினான். எனக்கு ஒரே பெருமை. எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன். சிரித்தான். "மற்ற ஆணியெல்லாம் மங்கிக் கிடக்குது அண்ணா. இந்த ஆறு ஆணியில மட்டும் ஸ்குரூ டிரைவர் பட்டுப் பளபளக்குது." அவன் கண்டுபிடித்தது மெஷினின் பழுதை அல்ல, என்னுடைய கைவேலையை. கண் கூர்மைக்குப் பாராட்டலாம், ஆனால் நான் அளக்க வந்தது அதை அல்ல. அன்றிலிருந்து பழுது எங்கே இருந்தாலும் எல்லா ஆணிகளையும் ஒரு தடவை கழற்றிப் பூட்டுகிறேன், தூசியையும் முழுதாகத் துடைத்துவிடுகிறேன்.

இரண்டாவது அடி, உருவிவிட்ட வயர். உண்மையான மெஷினில் வயர் அப்படி அழகாகத் தானே கழன்று தொங்குவது அபூர்வம். அதைக் கண்ணால் பிடிக்கலாம், மீட்டர் தேவையில்லை. ஆகவே உண்மையாகவே செத்த சாமான்களைச் சேர்த்துவைக்கிறேன். வேலைத்தளத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன: பெறுமானம் இறங்கிய கெப்பாசிட்டர், உள்ளே தொடர்பு அறுந்த தெர்மிஸ்டர் (வெப்பத்தை உணரும் பாகம்), முனை கருகிய ரிலே (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), உள்ளே அறுந்த ஆனால் வெளியே புதிதாகத் தெரியும் ஃபியூஸ். பார்வைக்கு நல்லதாக இருக்க வேண்டும், அளந்தால் மட்டும் பல்லிளிக்க வேண்டும். பழைய கெப்பாசிட்டரை ஓட்டிப் பார்ப்பதென்றால், வீங்கியதையோ கசிந்ததையோ வைக்காதீர்கள்.

எர்த் வயரைக் கழற்றுவது, ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் இழுப்பது, ஓவர்லோட் பாதுகாப்பைத் தாண்டி இணைப்பது ஆகியவை எந்தக் காரணத்துக்கும் பரீட்சைப் பழுதாகக் கூடாது. குளிரூட்டும் கேஸைத் திறந்துவிட்டு, கேஸ் குறைந்த மெஷின் தயார் என்பதும் அப்படித்தான். இப்போது வரும் ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. ஃப்ரிட்ஜில் வரும் ஆர்-600ஏ அதைவிட மோசம்.

மூன்றாவது அடி, தேத்தண்ணிக் கடை. காலையில் பரீட்சை எழுதியவன் மத்தியானம் எழுதப்போகிறவனோடு பிளேன் டீ குடிக்கிறான். இரண்டாமவன் வந்து கண்ணை மூடிக்கொண்டு ரிலேயைக் கழற்றினான். ஆகையால் ஒரே முறைப்பாட்டுக்கு மூன்று வேறு பழுதுகள் தயாராக வையுங்கள். குளிரவில்லை என்பதற்கு ரிலேயும் காரணம், தெர்மிஸ்டரும் காரணம், அழுக்கேறிய கொண்டென்சரும் (வெளியே சூட்டை விடும் சுருள்) காரணம். கதை வெளியே போனாலும் பாதகமில்லை.

இன்னொன்று, பழுதே இல்லாத மெஷின் ஒன்றையும் இடையில் வையுங்கள். தண்ணீர் நிரம்பவில்லை என்று எழுதி, பைப்பைப் பாதி மூடிவைத்தால் போதும். என் அனுபவத்தில் ஆட்களைப் பிரித்துக் காட்டுவதில் இதற்கு நிகரில்லை. நல்லவர் மூன்று நிமிடத்தில் பைப்பைத் திறப்பார். மற்றவர் வால்வை மாற்றிவிட்டு, பழுது சரி என்பார்.

பக்கத்தில் நின்று பார்க்கும்போது

வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். சொல்வது சுலபம், செய்வது பெரிய பாடு. தவறான வயரில் கை போகும்போது எனக்கு இன்றும் தொண்டைவரை வார்த்தை வருகிறது. ஆபத்து என்றால் மட்டும் நிறுத்துங்கள்.

நீங்கள் நினைப்பதை எழுத வேண்டாம், அவர் செய்வதை எழுதுங்கள். தடுமாறினான், நம்பிக்கையாகச் செய்தான் என்பதெல்லாம் உங்கள் கருத்து. நேரத்தோடு கையின் அசைவைக் குறித்தால் போதும். என் கொப்பியிலிருந்து ஒரு பக்கம்:

10.04 ரிமோட்டை வாங்கிக் கூலில் இருக்கிறதா என்று பார்த்தான். 10.05 ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தான். 10.09 வெளி யூனிட்டுக்குப் போனான். ஃபேன் ஓடுகிறது. காதை வைத்துக் கேட்டான். 10.12 மீட்டரை எடுத்தான். டயல் ஓமில் இருந்தது. டெர்மினலுக்குக் கொண்டுபோய், நின்று, டயலைப் பார்த்து வோல்ட்டுக்கு மாற்றினான். 10.13 229. 10.14 ஒன்றும் செய்யவில்லை. 10.16 வரை ஒன்றும் செய்யவில்லை. 10.16 பிரேக்கரை இறக்கினான்.

அந்த இரண்டு நிமிட வெறுமையைப் பாருங்கள். அப்போது நான் அதைத் தயக்கம் என்று நினைத்தேன். முடிந்த பிறகு கேட்டபோது, "ஃபேனுக்குக் கரண்ட் வருது, கொம்பிரசருக்கு மட்டும் ஏன் இல்ல என்று யோசிச்சன்" என்றான். தயக்கம் என்று எழுதியிருந்தால் அவனுடைய பரீட்சையிலேயே நல்ல இரண்டு நிமிடத்துக்குப் புள்ளி குறைத்திருப்பேன். அதனால்தான் வேலை நடக்கும்போது கருத்து வேண்டாம் என்கிறேன். முடிந்ததும் கொப்பியை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து, இந்த இடத்தில் என்ன நினைத்தாய், அந்த எண் வந்ததும் எதை ஒதுக்கினாய் என்று வரிசையாகக் கேளுங்கள்.

கேட்கும் மொழி முக்கியம். கொழும்பில் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன், சிங்களத்தில் கேட்டால் தலையைக் குனிவான். மந்தம் என்று ஒரு வருடம் எல்லாரும் நினைத்தோம், நானும்தான். ஒரு நாள் தமிழில் ஆறுதலாகக் கேட்டபோது, போர்டில் எந்த ரிலேக்கு எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று தரையில் சோக்கால் கீறிக் காட்டினான். நாங்கள் அதுவரை அளந்தது அவனுடைய சிங்களத்தை. அதேபோல ஆங்கிலக் கையேட்டை வாசிக்கத் தெரிகிறதா என்பதையும் வேறாக அளந்துகொள்ளுங்கள். எரர் கோட் அட்டவணையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பழுதென்றால், அதை நீங்களே வாசித்துச் சொல்லலாம்.

மெஷின் இல்லாமல் அளக்க: கடித உறை முறை

எல்லாருக்கும் ஒதுக்கிவைக்க மெஷினும் நேரமும் இருக்காது. அதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது, பழையதும்கூட. 1954இல் கிளேசர், டாம்ரின், கார்ட்னர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். ஒரு தாளில் முறைப்பாட்டை எழுதி, கீழே செய்யக்கூடிய சோதனைகளின் பட்டியலைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை ஒரு சிறு தாள் துண்டால் மூடப்பட்டிருக்கும். எந்தச் சோதனையைச் செய்ய விரும்புகிறாரோ அந்தத் துண்டைக் கிழித்துப் பார்க்கலாம். கிழித்ததை ஒட்டமுடியாது. எந்த வரிசையில் கிழித்தார் என்பதுதான் பரீட்சை.

நான் துண்டுக்குப் பதிலாகச் சின்னக் கடித உறைகளைப் பயன்படுத்துகிறேன். ஒன்றை முழுதாகக் காட்டுகிறேன்.

முறைப்பாடு: 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு ஏசி, இன்வெர்ட்டர் இல்லாதது. உள்ளே காற்று வருகிறது, குளிர் இல்லை. மேசையில் 11 உறைகள். ஒவ்வொன்றின் வெளியிலும் சோதனையின் பெயரும், அதைச் செய்ய உண்மையில் எடுக்கும் நிமிடமும் எழுதியிருக்கும்.

வீட்டுக்காரரிடம் கேட்பது, 2 நிமிடம். உள்ளே: "நேற்று இரவு கரண்ட் போய் வந்ததிலிருந்து." ரிமோட், 1 நிமிடம்: கூல், 20 பாகை. ஃபில்டர், 2: சுத்தம். வெளி யூனிட்டில் நின்று கேட்பது, 3: ஃபேன் ஓடுகிறது, கொம்பிரசர் சில விநாடி ம்ம்ம் என்று உறுமி டிக் என்று நிற்கிறது. டெர்மினலில் வோல்ட், 5: 228. கிளாம்ப் மீட்டரால் கொம்பிரசர் கரண்ட், 5: ஒரு கணம் 28 அம்பியர், பிறகு 0. கொம்பிரசரின் கெப்பாசிட்டர், 8: லேபலில் 35 மைக்ரோஃபரட், மீட்டரில் 11. கொம்பிரசர் சுற்றுகளின் ஓம், 10: 2.1, 3.4, இரண்டும் சேர்ந்து 5.5. தெர்மிஸ்டர், 10: 25 பாகையில் 10 கிலோ ஓம். கேஜ் மாட்டிக் கேஸ் அழுத்தம், 15: குறையில்லை. கடைசி உறை, கொம்பிரசரை மாற்றுவது, 240 நிமிடம். அதைத் திறந்தால் உள்ளே இருப்பது: "புதிய கொம்பிரசரும் ம்ம்ம் என்கிறது." பழுது கெப்பாசிட்டரில்தான்.

அந்தக் கடைசி உறையை எழுதும்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததை ஒத்துக்கொள்கிறேன்.

புள்ளி போடுவதில்தான் சறுக்கினேன். குறைந்த உறைகளைத் திறந்தவர் கெட்டிக்காரர் என்று கணக்குப் போட்டேன். நானா ஆறு உறைகளைத் திறந்தார்: வீட்டுக்காரர், ரிமோட், ஃபில்டர், வெளியே கேட்பது, வோல்ட், கெப்பாசிட்டர். புதிய பையன் மூன்றே மூன்று: கேஸ் அழுத்தம், தெர்மிஸ்டர், கெப்பாசிட்டர். என் கணக்கில் பையன் வென்றான். முடிவைச் சொன்னபோது நானா ஒன்றும் பேசவில்லை, கடைசி உறையை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்தார். இரவு வீட்டில் நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தேன். நானா 21, பையன் 33. எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள்.

இதற்கும் ஒரு பழைய ஆய்வு துணைக்கு வருகிறது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வுகூடத்தில் ராஸ்முசன், ஜென்சன் இருவரும் இலத்திரனியல் திருத்துநர்கள் வேலை செய்யும்போது வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிந்து, 1974இல் வெளியிட்டார்கள். புத்தகம் சொல்வதுபோல யோசித்து யோசித்து மிகக் குறைந்த சோதனையில் முடிக்க அவர்கள் முயலவில்லை. சின்னச் சின்னச் சோதனைகளைக் கடகடவென்று நிறையச் செய்து பழுதின் இடத்தை நெருங்கினார்கள். ஒரு சோதனைக்கு ஒரு விநாடிதான் செலவென்றால் அதுதானே புத்தி.

புத்தகம் சொல்லும் பாதிபாதி முறையும் தெரிந்திருக்க வேண்டும். வரிசையாக எட்டுக் கட்டம் இருந்தால் நடுவில் அளந்து, பழுதில்லாத பாதியைத் தள்ளி, மிச்சத்தின் நடுவில் அளந்து என்று மூன்று அளவையில் முடித்துவிடலாம். நீளமான வயரிங், கட்டுப்பாட்டுச் சுற்று என்றால் இதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் கேட்டாலே தெரிகிற உறுமலுக்கு நடுவைத் தேட வேண்டியதில்லை. உங்கள் ஆள் இரண்டையும் இடம் பார்த்துப் பயன்படுத்துகிறாரா என்று குறியுங்கள்.

புள்ளி, பிறகு வேலைப் புத்தகம்

ஐந்து கேள்விக்கும் 0, 1, 2 என்று மட்டும் போடுகிறேன். 10க்கு எத்தனை என்று கூட்டிச் சுவரில் ஒட்டுவதில்லை. மீட்டரில் 2, திரும்பிப் பார்ப்பதில் 0 வாங்கியவருக்கும், அதற்கு நேர்மாறானவருக்கும் கூட்டுத்தொகை ஒன்றாக வரும். அவர்களுக்குப் பழக்க வேண்டியதோ வேறு வேறு.

முதல் சில தடவை உங்களோடு இன்னொருவரும் தனியாகப் புள்ளி போடட்டும். நானும் நானாவும் ஒரே பையனுக்குப் போட்டதில் மூன்றாம் கேள்விக்கு நான் 2, அவர் 0. காரணம், பையன் கெப்பாசிட்டரை ஒரு முனையையும் கழற்றாமல் அளந்தான். எண் சரியாகத்தான் வந்தது. கூட இணைந்திருக்கும் பாகங்கள் அளவைக் கெடுக்கலாம், சரியாக வந்தது தற்செயல் என்றார் நானா. அவர் சொன்னது சரி. அதை நான் கவனிக்கவே இல்லை.

நேரத்தைக் குறியுங்கள், பந்தயம் வைக்காதீர்கள். அவசரப்படுத்தினால் முதலில் விழுவது பிரேக்கரை இறக்குகிற பழக்கம்தான். ஒரு மேல் எல்லை போதும், ஏசிக்கு நான் 60 நிமிடம் கொடுக்கிறேன். அதற்குள் முடியவில்லை என்றால் எதுவரை ஒதுக்கினாய் என்று கேட்டு, அதற்குப் புள்ளி கொடுக்கிறேன். இடையில் உதவி கேட்டால் கொடுக்கலாம். எத்தனை தடவை, எந்த இடத்தில் என்று கொப்பியில் இருந்தால் சரி.

பரீட்சை என்று தெரிந்தால் எல்லாரும் நல்ல பிள்ளைதான். ஆகவே வேலைப் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு எண்கள் போதும்: 30 நாளுக்குள் அதே முறைப்பாட்டுக்குத் திரும்பிப் போனது எத்தனை, ஒரு வேலைக்கு மாற்றிய சாமான் எத்தனை. கழற்றிய சாமான்களை எறியாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அவற்றை அளந்து பாருங்கள். பழுதென்று கழற்றியதில் நல்லது எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள். முதல் கிழமையில் எங்கள் மேசைக்கு வந்தது ஒன்பது கெப்பாசிட்டர். அதில் நான்கு லேபலில் உள்ள பெறுமானத்தை அப்படியே காட்டின.

அந்த எண்களை வைத்து அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மாதம் 12 வேலை செய்தவருக்கு ஒன்று திரும்பி வந்தாலே நூற்றுக்கு எட்டு ஆகிவிடும். அதோடு, கஷ்டமான வேலையெல்லாம் யாருக்குப் போகிறதோ அவருடைய பெயரில்தான் திரும்பி வருகிறதும் அதிகமாக இருக்கும். எங்கள் புத்தகத்தில் மிகக் கூடுதலாகத் திரும்பி வந்தது நானாவின் பெயரில். மற்றவர்கள் கைவிட்ட மெஷினெல்லாம் அவரிடம் போவதுதான் காரணம். கடற்கரை வேலைகளை ஒரு பக்கமும் மற்றவற்றை ஒரு பக்கமும் பிரித்து ஆறு மாதக் கணக்கைச் சேர்த்த பிறகே நான் எதையும் நம்பத் தொடங்கினேன்.

முடிவை ஆளிடம் சொல்லும்போது மற்றவர்கள் முன்னால் வேண்டாம். "நீ கெட்டிக்காரன்", "உனக்கு வராது" என்பவற்றையும் விட்டுவிடுங்கள். கொப்பியின் பக்கத்தைக் காட்டி, இந்த இடத்தில் 229 வந்தது, அதன் பிறகு உள்ளே இருக்கிற போர்டைத் திறக்கத் தேவையே இல்லை, விளங்குதா என்று ஒரு இடத்தை மட்டும் பேசினால் போதும். தேடுகிற முறையைப் பழக்க முடியும். நெதர்லாந்துக் கடற்படையில் ஒழுங்கான முறைப்படி பழுது தேடப் பழகிய டெக்னீஷியன்கள், வழக்கமான முறையில் பயின்றவர்களைவிட இரு மடங்கு பழுதுகளை, அதுவும் குறைந்த நேரத்தில் பிடித்ததாக 2000இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது.

வெள்ளவத்தையில் கெப்பாசிட்டர் மாற்றிய பையனுக்கு நான் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: சாமானைக் கழற்றியதும், அது மாட்டியிருந்த இடத்தை டோர்ச் அடித்துப் பார். ஆறு மாதம் கழித்து வேறு பழுது வைத்து அவனை மறுபடி அளந்தேன். 20 நிமிடக்காரனுக்கு இப்போது 35 நிமிடம் ஆகிறது. ஐந்தாவது கேள்விக்கு 2. கூடுதல் காசை எப்படிப் பிரிப்பது என்றுதான் முதலாளியோடு இன்னும் இழுபறி.